நீல ரத்தம் வரைந்த ஆறாம் வகுப்பு

நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம் அது. ஆறாம் வகுப்பு அறிவியலில் மனித உறுப்பு மண்டலங்கள் பாடம். பள்ளிக்கு அப்போதுதான் ஸ்மார்ட் போர்டு வந்திருந்தது. மூத்த ஆசிரியர்கள் அதைத் தொடத் தயங்கினார்கள். "சின்னப் பொண்ணு, கம்ப்யூட்டரெல்லாம் தெரியும்" என்று அந்த அறைச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார் தலைமையாசிரியர். முந்தின நாள் இரவு வெகுநேரம் தேடி, ரத்த ஓட்டம் பற்றித் தமிழில் நல்ல வீடியோ ஒன்றை எடுத்து, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

38 பிள்ளைகளும் வாய் திறக்காமல் பார்த்தார்கள். இதயம் துடிக்கிறது. சிவப்புக் குழாயில் ரத்தம் கிளம்பிப் போகிறது, நீலக் குழாயில் திரும்பி வருகிறது. முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரலில் பதில். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மறுநாள் போர்டைப் போடவில்லை. ரத்தம் உடம்பைச் சுற்றி வரும் பாதையை நோட்டில் வரையச் சொன்னேன். கலர் பென்சில் வைத்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதி ரத்தத்துக்கு நீலம் தீட்டியிருந்தார்கள். ஒரு பையன் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருந்தான்: "கெட்ட ரத்தம் நீல நிறம்."

"ரத்தம் நீலமா இருக்குமாடா?" என்றேன். அவன் கையைத் திருப்பி மணிக்கட்டைக் காட்டினான். "பாருங்க டீச்சர், உள்ள நீலமா ஓடுது." அவன் பக்கம் சாட்சி இருந்தது. வீடியோ சொன்னது, கையும் அதையே காட்டுகிறது. உடனே என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

என்னைக் காப்பாற்றியவள் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி. பாட்டியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறாள். நர்ஸ் ஊசியில் ரத்தம் எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். "நீலமா இல்ல டீச்சர். நாவப்பழச் சாறு மாதிரி கருஞ்செவப்பா இருந்துச்சு" என்றாள். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது சிரையிலிருந்துதான், அதாவது வீடியோவில் நீலமாகக் காட்டிய அதே குழாயிலிருந்து! ஆக்சிஜன் குறைந்த ரத்தம் கருஞ்சிவப்பு, நிறைந்தது பளிச்சென்ற சிவப்பு. படத்தில் நீலம் போடுவது இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காக மட்டும்தான். தோலுக்குள் ஒளி புகுந்து திரும்பும் விதத்தால்தான் சிரை நமக்கு நீலமாகவோ பச்சையாகவோ தெரிகிறது. 'கெட்ட ரத்தம்' என்று வீட்டில் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அதில் கெட்டுப்போனது எதுவும் இல்லை. இவ்வளவும் அந்தப் பெண் வாயைத் திறந்த பிறகுதான் வகுப்பில் பேச்சாக வந்தது. முதல் நாள் அவ்வளவு பேரும் அமைதியாக இருந்தபோது ஒன்றுமே வரவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். திரை போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

வெரிடாசியம் யூடியூப் சேனல் நடத்தும் டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வே இதைப் பற்றியதுதான். இயற்பியலைத் தெளிவாக, அழகாக விளக்கும் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் 'நன்றாகப் புரிந்தது' என்றார்கள். ஆனால் தேர்வு வைத்துப் பார்த்தால் முன்னேற்றம் மிகக் குறைவு. ஏற்கெனவே மனதில் இருந்த தவறான கருத்தையே வீடியோவும் சொன்னதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தவறான கருத்தை முதலில் பேசவிட்டு, பிறகு அலசிய வீடியோவைப் பார்த்தவர்களோ 'குழப்பமாக இருக்கிறது' என்றார்கள், ஆனால் அதிகம் கற்றிருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மணிக்கட்டைக் காட்டிய பையன் ஞாபகம்தான் வந்தது.

இப்போது வீடியோ போடுவதற்கு முன்னாலேயே கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். 'என்ன நடக்கும்னு நினைக்கிறே? ஒரு வரி எழுது.' எழுதாமல் யாரும் திரையைப் பார்க்கக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டுவதில்லை. இன்னொன்று தற்செயலாகக் கிடைத்தது. ஒருநாள் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. சரி, நீங்களே சொல்லுங்க என்று ஒருத்தியை எழுப்பிவிட்டேன். ஓடுகிற படத்துக்கு அவளே விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். எங்கே தடுமாறினாளோ அங்கேதான் நான் பாடம் நடத்த வேண்டியிருந்தது. அதன் பிறகு ஸ்பீக்கர் சரியாகியும் வாரத்துக்கு ஒரு முறையாவது சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் போடுகிறேன்.

கரும்பலகையையும் விடவில்லை. திரையில் ஒரு படம் வந்ததும் முந்தைய படம் போய்விடும். பலகையில் எழுதியது பீரியட் முடியும்வரை நிற்கும். மெதுவாக எழுதுகிற பிள்ளை அண்ணாந்து பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்ளும்.

வீட்டுப்பாடத்தில் நான் செய்த தவறு வேறு மாதிரி. நம் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு அச்சிட்டு வருகிறது. 'ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டு வாங்க' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். மூன்று நாள் தொடர்ந்து பார்க்காமல் வந்த ஒருவனைத் திட்டியும் விட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது, வீட்டில் இருப்பது ஒரே போன். அது லோடு வண்டி ஓட்டும் அப்பாவோடு போய்விடும். அவர் வரும்போது பிள்ளை தூங்கியிருப்பான். அந்தத் திட்டு இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. இப்போது போன் இருந்தால்தான் முடியும் என்கிற எந்த வேலையையும் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. வருடத் தொடக்கத்திலேயே, யார் வீட்டில் எத்தனை போன், அது மாலையில் யார் கையில் என்று தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். வகுப்பில் கை தூக்கச் சொன்னால் இல்லாத பிள்ளையும் தூக்கிவிடும்.

போன மாதம் மின்னியல் பாடம். ஹைடெக் லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் உட்கார்ந்து, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்கிற கணினி மாதிரியில், திரையிலேயே மின்சுற்று அமைத்தார்கள். இந்த ஃபெட்டை 2002-இல் தொடங்கியவர் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், இலவசமாகவே கிடைக்கிறது. எலக்ட்ரான்கள் வரிசையாக நகர்வதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. இதை நான் எத்தனை படம் வரைந்தாலும் காட்ட முடியாது. மவுஸால் ஒயரை இழுத்து வைத்த உடனே எல்லோருடைய பல்பும் எரிந்தது.

அடுத்த பீரியட் வகுப்பறையில் பேட்டரி, ஒயர், டார்ச் பல்பு கொடுத்தேன். ஒருவருக்கும் எரியவில்லை. பிளாஸ்டிக் உறையோடு இருந்த ஒயரை அப்படியே பேட்டரியில் ஒட்ட வைத்திருந்தார்கள். திரையில் ஒயருக்கு உறை என்று தனியாக ஒன்று கிடையாதே! நான் எதுவும் சொல்லாமல் நின்றேன். "பேட்டரி டல் டீச்சர்" என்றான் ஒருவன். மாற்றிக் கொடுத்தேன், அப்போதும் எரியவில்லை. பதினைந்து நிமிடம் போயிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பையன் ஒயர் நுனியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு பல்லில் வைத்துக் கடிக்கப் போனான். ஓடிப்போய்ப் பிடுங்கி, கத்தரிக்கோலால் உறையைச் சீவிக் கொடுத்தேன். செம்பு பளபளவென்று வெளியே வந்தது. "இதுக்குள்ளதான் டீச்சர் போகுது" என்றபடி அதைப் பேட்டரியில் வைத்தான்.