கிடங்கில் இருக்கும் உளுந்து யாருடையது?

வங்கிக் கணக்கு அறிக்கையை என் மேசையில் விரித்து வைத்தபோது அந்தத் தகப்பனார் முகத்தில் அவ்வளவு நிம்மதி. பர்மாவில், யாங்கோன் நகரின் பயிண்ணவுங் சந்தையில் உளுந்துத் தரகு பார்ப்பவர். மகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்க வந்திருந்தாள். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அறிக்கையில் பதினொரு மாதங்களுக்கு இருப்புத் தொகை மூன்று லட்சம் கியாட்டைத் தாண்டவே இல்லை. பன்னிரண்டாவது மாதம், ஒரே நாளில், நானூறு லட்சம் வந்து உட்கார்ந்திருந்தது.

"இது ஏது ஐயா?"

"மச்சான் போட்டது, சயாமா. ஒரு மாதம் கணக்கில் கிடக்கட்டும், பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்றார். கையில் பணம் இருக்கிறது என்று காட்டினால்தானே பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள்?"

(சயாமா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியை.) மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு விஷயம் புரிந்திருந்தது. வீட்டில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பதினோரு ஆண்டுகளாக இந்த ஊரில் பிள்ளைகளின் விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். நம் தமிழ்க் குடும்பங்கள் இடறி விழுவது கட்டுரையிலோ ஆங்கிலத்திலோ மதிப்பெண்ணிலோ அல்ல, பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சொந்தச் செலவில் வெளிநாடு போகிறவர்கள் விசாவுக்காகக் கணக்கில் பணம் காட்டுவார்கள். ஏஜெண்டுகள் அதற்கு வழி சொல்லித் தருவார்கள். கல்லூரியிடமே பணம் கேட்கிற பிள்ளைக்கு அதே அறிக்கை எமனாக வரும். மச்சானின் நானூறு லட்சத்தை மத்திய வங்கியின் 2,100 கியாட் விலையில் மாற்றினால் 19,000 டாலருக்கு மேல். 'எங்களால் ஆண்டுக்கு ஆயிரம் டாலர்தான் முடியும்' என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, மறுபக்கம் 19,000 டாலர் இருப்பைக் காட்டினால், படிக்கிற அதிகாரி எதை நம்புவார்? கல்லூரியே முழு உதவி தந்துவிட்டால், விசாவுக்கு அந்தக் கடிதம்தான் பணத்துக்குச் சான்று. மிச்சம் இருக்கும் சிறு தொகையை மட்டும் குடும்பம் காட்டினால் போதும். மச்சானைத் தொந்தரவு செய்திருக்கவே வேண்டாம்.

இந்த உதவி எப்படிக் கிடைக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குடிமக்கள் 'ஃபாஃப்சா' என்ற அரசுப் படிவத்தை நிரப்பி அரசாங்க உதவி பெறுவார்கள். நமக்கு அந்தக் கதவு கிடையாது. நமக்குக் கிடைப்பதெல்லாம் கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தருவது. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரிகளில் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இப்போது ஆண்டுக்கு 85,000 முதல் 95,000 டாலர் வரை போகிறது. அதில் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டு, மீதியைக் கல்லூரி ஏற்றுக்கொள்கிறது. ஹார்வர்டும் யேலும் இருக்கிற ஐவி லீக் கல்லூரிகளில் மதிப்பெண்ணுக்கென்று, விளையாட்டுக்கென்று தனிப் பரிசுத்தொகையே இல்லை. தேவைக்குத்தான் பணம். 'ஸ்காலர்ஷிப் வாங்கினாள்' என்று கோவிலில் சொல்லிப் பெருமைப்படலாம், 'உதவி கேட்டோம்' என்பது கைநீட்டுவதுபோல் இருக்கிறது என்று பல தாய்மார்கள் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். அங்கே இரண்டும் ஒன்றுதான்.

கல்லூரிகளில் இரண்டு வகை. சிலவற்றில் வெளிநாட்டு மாணவர் பணம் கேட்கிறாரா இல்லையா என்பதைப் பார்க்காமலே சேர்க்கை முடிவு செய்வார்கள். இதற்கு 'நீட் பிளைண்ட்' என்று பெயர். (தமிழ்நாட்டு உறவினர்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்த நீட் அல்ல இது. ஒரு தாத்தா இந்தப் பெயரைக் கேட்டுப் பயந்தே போய்விட்டார்.) ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை நெடுநாளாக இந்த வகை. 2022இல் டார்ட்மத்தும் போடனும் சேர்ந்துகொண்டன. பிறகு பிரவுனும் வந்தது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹார்வர்டில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஏறக்குறைய நான்கு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. இந்தப் பட்டியலை மட்டும் நம்பி விண்ணப்பம் போடுவது லாட்டரிச் சீட்டை நம்பிக் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது போல.

மற்றவை பணத்தேவையையும் பார்த்தே முடிவு செய்யும். வெளிநாட்டவர்க்கென ஒதுக்கிய நிதி அளவோடு இருக்கும். ஒரே தரத்தில் இரண்டு பிள்ளைகள் வந்தால் குறைவாகக் கேட்கிறவருக்குச் சாதகம். வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், பொமோனா போன்ற சிறிய கல்லூரிகள் இப்படித்தான் பார்க்கின்றன. ஆனால் சேர்த்துக்கொண்டால் தேவை முழுவதையும் ஏற்கும். நம் பிள்ளைகளுக்கு உண்மையில் வாய்ப்புள்ள இடங்கள் இந்த வகையில்தான் அதிகம். பேர் தெரியாத ஊர் என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். நான் பிடிவாதம் பிடிப்பேன்.

குறைவாகக் கேட்டால் சாதகம் என்பது தெரிந்ததும் அடுத்த ஆபத்து தொடங்கும். "ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் தருகிறோம் என்று எழுதுங்கள், எப்படியாவது சமாளித்துக்கொள்வோம்" என்பார்கள். சமாளிக்க முடியாது. பல கல்லூரிகளில், சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் அடுத்த நான்கு ஆண்டுகளிலும் கேட்க முடியாது. கேட்டவர்களும், நிலைமை பெரிதாக மாறாவிட்டால், முதலில் சொன்ன தொகையைக் கூட்டிக் கேட்க முடியாது. ஒரு பையன் இரண்டாம் ஆண்டின் நடுவில் ஊர் திரும்பியதை நான் பார்த்தேன். விண்ணப்பத்தில் 'பத்தாயிரம் முடியும்' என்று அவன் பெரியப்பா எழுதச் சொல்லியிருந்தார். அந்த விண்ணப்பத்தை அனுப்பியவள் நான்தான். அதற்குப் பிறகு குடும்பம் சொல்கிற தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, 'இதை மாதாமாதம், நான்கு ஆண்டுகள், எந்தக் கடையையும் விற்காமல் தருவீர்களா?' என்று கேட்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

வருமானத்துக்குச் சான்று எங்கே போவது என்பார்கள். பெரும்பாலான கல்லூரிகள் 'சி.எஸ்.எஸ். புரொஃபைல்' என்ற இணையப் படிவத்தைக் கேட்கின்றன. முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 16. வெளிநாட்டுக்குச் செல்லும் வங்கி அட்டை இல்லாத வீடுகளுக்கு இதுவே சுவர். கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் சில கல்லூரிகள் கட்டணம் இல்லாமல் நிரப்பக் குறியீடு தருகின்றன. சில, தங்கள் காகிதப் படிவத்தையே ஏற்கின்றன. விண்ணப்பக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு. பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்ப உதவும் 'காமன் ஆப்' தளத்தில், பள்ளியின் கவுன்சிலர், அதாவது மாணவர் ஆலோசகர், ஒப்புதல் தர வேண்டும். நம் பள்ளிகளில் அந்தப் பதவியே கிடையாது, தலைமையாசிரியர் அந்த இடத்தில் கையெழுத்திடலாம். கேட்பதற்குக் கூச்சப்பட்டு ஒரு தாய் தோட்டை அடகு வைத்த பிறகுதான் என்னிடம் வந்தார்.

வருமான வரிக் கணக்கு இல்லாதவர்கள், வரி தாக்கல் செய்வதில்லை என்று ஒரு கடிதமும், வேலை பார்க்கும் இடத்தில் சம்பளக் கடிதமும் தரலாம். சொந்தத் தொழில் என்றால் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தருவேன். பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ஒரு பக்கம், வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம். கோவில் நன்கொடையும் எழுத வேண்டும், பெற்றவர்களுக்கு அனுப்புவதும் எழுத வேண்டும். மலேசியாவிலிருந்து அண்ணன் உண்டியலில், அதாவது வங்கி வழியாக அல்லாமல் ஆள் மூலமாக, அனுப்பும் பணத்தையும் எழுத வேண்டும். இதை மறைக்கத்தான் எல்லோரும் விரும்புவார்கள். மறைத்தால் செலவு வரவைவிட அதிகமாகி, 'மிச்சச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?' என்று கல்லூரியிலிருந்து கேள்வி வரும்.

அந்தத் தரகர் வீட்டு நோட்டில் மாதம் ஏறக்குறைய பதினைந்து லட்சம் வந்தது. ஆண்டுக்கு 180 லட்சம். படிவத்தில் கியாட்டிலேயே எழுதலாம், அதுவே டாலராக்கிக்கொள்ளும். எந்த விலையில் மாற்றுகிறது என்பது நம் கையில் இல்லை. 2,100க்கு மாற்றினால் 8,571 டாலர். சந்தையில் நாம் டாலர் வாங்கப் போனால் 4,500 அளவில் கேட்ட நாட்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் 4,000 டாலர்தான். ஒரே குடும்பம், ஒரே உழைப்பு, காகிதத்தில் இரண்டு மடங்கு பணக்காரர்கள். ஆகவே 'சிறப்புச் சூழ்நிலை' என்ற கட்டத்தில் நான்கு வரி எழுத வைப்பேன்: அதிகாரபூர்வ விலை இது, எங்களுக்கு டாலர் கிடைக்கும் விலை இது, வித்தியாசம் இவ்வளவு. ஒப்பாரி வேண்டாம், கணக்கு போதும்.

அடுத்து 'தொழிலின் மதிப்பு' என்ற கட்டம். தகப்பனார் தன் கிடங்கில் இருந்த உளுந்து மூட்டைகள் அத்தனைக்கும் விலை போட்டு எழுதியிருந்தார். தலை சுற்றியது.

"ஐயா, கிடங்கில் இருக்கும் உளுந்து யாருடையது?"

"விவசாயிகளுடையது. சிலது ஏற்றுமதிக்காரருடையது. எனக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று தரகு."

"பிறகு ஏன் உங்கள் சொத்தாக எழுதினீர்கள்?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கிடங்கு காலியாக இருக்கிறது என்று எழுதினால் மானமாக இருக்குமா, சயாமா?" என்றார்.

மச்சானின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கணக்கில் அது வந்ததும் போனதும் ஏன் என்று ஒரு கடிதம் எழுதி, மச்சானிடமும் கையெழுத்து வாங்கி இணைத்தோம். உளுந்தை அடித்துவிட்டு, தராசும் இரண்டு மேசையும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் என்று எழுதினோம். ஆறு கல்லூரிகள். நான்கு மறுத்தன. ஒன்று காத்திருப்புப் பட்டியலில் வைத்தது. ஒன்று, ஆண்டுக்கு 1,400 டாலர் குடும்பப் பங்கு என்று சொல்லி மீதியை ஏற்றது.

பெயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தமிழ்ப் பெயர், பள்ளியில் பர்மியப் பெயர், அடையாள அட்டையில் இரண்டும் கலந்த ஒன்று. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஆளுக்கு ஒன்று எழுதுவார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதை ஒரே விதமாகப் பிரித்து எல்லா இடத்திலும் எழுத வேண்டும். அட்டை இளஞ்சிவப்பா, நீலமா, பச்சையா என்பது, அதாவது எந்த வகைக் குடியுரிமை என்பது, கல்லூரிக்கு முக்கியமில்லை. பாஸ்போர்ட் கையில் வர எவ்வளவு நாளாகும் என்பதற்கு மிக முக்கியம். விண்ணப்பத்துக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

வரி என்று ஒன்றும் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கல்விக் கட்டணத்துக்கான உதவிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்கான உதவியை அமெரிக்க அரசு வருமானமாகப் பார்க்கிறது. மாணவர் விசாவில் இருப்பவர்களிடம் 14 சதவீதம் பிடிப்பார்கள். நம் நாட்டோடு அமெரிக்காவுக்கு வரி ஒப்பந்தம் இல்லை. அந்த வகை உதவி 20,000 டாலர் என்றால் 2,800 டாலர் போய்விடும். 1,400 என்று நம்பிக்கொண்டிருந்த வீட்டில் அது இடியாக விழுந்தது. உதவிக் கடிதம் வந்த உடனே 'இந்த வரியை யார் கட்டுவது?' என்று கேட்டுவிடுங்கள். சில கல்லூரிகள் தாங்களே ஏற்கின்றன.

இப்போது, எல்லோரும் வாசலிலேயே கேட்கிற கேள்வி. 2025 ஜூன் 9 முதல் அமெரிக்கா பர்மா உட்படப் பன்னிரண்டு நாட்டுக் குடிமக்களுக்கு நுழைவை நிறுத்தியது. மாணவர் விசாவும் அதில் அடக்கம். மாணவர், பரிமாற்ற விசாக்களில் போன நம்மவர்களில் 42.17 சதவீதம் பேர் விசாக் காலம் முடிந்தும் தங்கிவிட்டார்கள் என்று அந்த உத்தரவிலேயே காரணம் சொல்லியிருந்தார்கள். தடை பிறந்த ஊரை வைத்து அல்ல, பாஸ்போர்ட்டை வைத்து. தலைமுறையாக இங்கே இருந்தும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு அந்நியர் பதிவுச் சீட்டில் வாழும் சில வீடுகள் இருக்கின்றன. நெடுநாள் சங்கடமாக இருந்த அந்தப் பாஸ்போர்ட் அவர்கள் பிள்ளைகளை இந்தத் தடைக்கு வெளியே நிறுத்துகிறது.

மற்றவர்கள் விண்ணப்பிக்கலாமா? கல்லூரியிடம் முதலில் எழுதிக் கேளுங்கள் என்பேன். இரண்டு கேள்விகள், தனித்தனியாக: விசா கிடைக்காவிட்டால் இடத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்பீர்களா? உதவித்தொகையையும் வைத்திருப்பீர்களா? முதலாவதுக்கு 'ஆம்' சொல்லி இரண்டாவதுக்கு மழுப்பிய பதில்களை வைத்திருக்கிறேன். பணமில்லாத இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்றைய நிலையில் அமெரிக்காவை மட்டுமே எழுதிய பட்டியலை நான் கையில் வாங்குவதில்லை. அபுதாபியில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வளாகம், பெண்பிள்ளைகளுக்குச் சட்டோகிராமில் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம், ஜப்பானில் கட்டணச் சலுகை தரும் ரிட்சுமேய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம், டொராண்டோவின் பியர்சன் உதவித்தொகை என்று பட்டியல் அகலமாக இருக்க வேண்டும். டொராண்டோவுக்குப் பள்ளியே பரிந்துரைக்க வேண்டும் என்பதைப் பலர் கடைசி வாரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

அந்த மகள் தடைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். கடந்த கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரவில்லை. வெளியே வந்தால் திரும்ப விசா இல்லை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள், படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் அனுமதி.

சென்ற மாதம் தகப்பனார் மறுபடி வந்தார், இந்த முறை மகனோடு. பையனுக்குப் பதினேழு முடிகிறது. பதினெட்டானால் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வரலாம்; பதினெட்டு நெருங்கும் ஆண்பிள்ளையைப் பெற்றவர்களின் அவசரத்தை யாங்கோனில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அபுதாபிக்கும் ஜப்பானுக்கும் எழுத வேண்டும் என்றான். தகப்பனார் பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்தார். பன்னிரண்டு மாதமும் எழுதியிருந்தது. மகள் நூலகத்தில் சேர்த்து அனுப்பிய முந்நூறு டாலர்கூட வரவுப் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் பென்சிலில் எழுதி, கேள்விக்குறி போட்டிருந்தார்.

"இந்த முறை பன்னிரண்டு மூட்டை என் சொந்தக் காசில் வாங்கியது, சயாமா. விலை ஏறும் என்று வைத்திருக்கிறேன். எழுத வேண்டுமா?"

"வாங்கிய விலையா, இன்றைய விலையா?" என்று கேட்டபடி பேனாவை எடுத்தேன்.