கை வேறு, கை-ஸ்கொயர் வேறு

புள்ளியியலில் கை (chi), கை-ஸ்கொயர் (chi-square) என்று இரண்டு பரவல்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்தவர்களில் இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். ஐந்து ரோடு பக்கத்து லேத் பட்டறையில் தரம் பார்க்கும் தம்பி லேப்டாப்போடு வந்தார். தகட்டில் போடும் துளை மையத்தைவிட்டு 0.1 மி.மீ.க்கு மேல் விலகினால் ரிஜெக்ட். "நூத்துக்கு 37 ரிஜெக்ட்னு சாப்ட்வேர் சொல்லுதுங்க சார், ஓனர் டிரில் மெஷினையே மாத்தலாங்கறார்." அவ்வளவு தகடு மூலையில் குவிந்து கிடக்கிறதா என்றேன். இல்லையாம்.

நீளம், அகலம் இரண்டு பக்கமும் பிழையின் திட்டவிலக்கம் (பிழைகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 0.05 மி.மீ. தம்பி 0.1-ஐ 0.05-ஆல் வகுத்து, வந்த 2-ஐ அப்படியே கை-ஸ்கொயரில் போட்டிருக்கிறார். போட வேண்டியது அதன் வர்க்கம், 4. விடை நூற்றுக்கு 13.5.

"ஸ்கொயர்" என்பதைச் சோம்பலில் விட்டுவிட்டுச் சொல்வதுதான் கை என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். இல்லை, இல்லவே இல்லை! இரு பிழைகளையும் திட்டவிலக்கத்தால் வகுத்து, வர்க்கங்களைக் கூட்டினால் கை-ஸ்கொயர். அந்தக் கூட்டலுக்கு வர்க்கமூலம் எடுத்தால் கை. ஒன்று தூரம், மற்றது தூரத்தின் வர்க்கம். மனையின் அகலத்தைச் சதுர அடியில் எழுதிப் பத்திரம் பதிவீர்களா? கட்டின்மை எண் (கூட்டலில் சேரும் தனித்தனிப் பிழைகளின் எண்ணிக்கை) இங்கே போல 2 என்றால் கை-ஸ்கொயரின் சராசரி 2, கையின் சராசரி 1.253. (2-க்கு மூலம் எடுத்து 1.414 என்பவர்களோடு எனக்குத் தனிச் சண்டை உண்டு.)

ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருள், எக்செல் இரண்டிலும் கூடவே வருவது கை-ஸ்கொயர் மட்டுமே. எனவே வர்க்கப்படுத்திவிட்டுக் கொடுங்கள். 95 சதவீத எல்லை கேட்டால் 5.991 வரும், அதற்கு மூலம் எடுங்கள்: 2.448. அடர்த்திக்கு (பரவல் வளைகோட்டின் உயரத்துக்கு) வர்க்கம் மட்டும் போதாது, 2x-ஆல் பெருக்கவும் வேண்டும், x என்பது தூரம். பைத்தான் மொழியின் சைபை (SciPy) தொகுப்பில் இரண்டுமே உண்டு, பெயரில் கடைசி 2 மட்டுமே வித்தியாசம். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். அதில் பரவலைத் தரவுக்குப் பொருத்தும்போது பரவலின் தொடக்கப் புள்ளியைச் சுழியில் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது இஷ்டத்துக்கு நகரும்.

இதற்கெல்லாம் முன்னால் பிழைகளின் சராசரியைப் பாருங்கள். துளைகள் ஒரே பக்கமாகத் தள்ளி விழுந்தால் கை வராது, பிட்டரைத்தான் கூப்பிட வேண்டும். இரு பக்கத் திட்டவிலக்கமும் வேறுவேறு என்றாலும் இந்தக் கணக்கு செல்லாது.

சந்தேகமா? தயவுசெய்து போலித் தரவு உருவாக்கி எண்ணிப் பாருங்கள். தம்பி டீ வருவதற்குள் கணினியில் ஒரு லட்சம் துளை போட்டார். பதின்மூன்றரை ஆயிரத்தை ஒட்டித்தான் ரிஜெக்ட் வந்தது. அப்புறம் டீயைக்கூடத் தொடாமல் ஓனருக்குப் போன் போட்டார்.