‘உங்கள் தவறு’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்களா? எச்சரிக்கைக் குறிப்புகளும் சட்டம் தரும் உரிமையும்

குக்கர் மூடி தெறித்துக் கையும் கழுத்தும் வெந்துபோன ஒரு பெண்ணுக்குத் துணையாக நான் ஒருமுறை சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தேன். குக்கரை வாங்கிக்கொண்டவர்கள் இரண்டு வாரம் அலைய விட்டார்கள். கடைசியில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளை நீட்டி, பொருளைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும்படி சொன்னார்கள். அவரும் போட்டுவிட்டார். ‘வாடிக்கையாளரின் தவறான பயன்பாட்டால் நேர்ந்தது’ என்ற ஒரு வரி அந்தத் தாளின் நடுவில் இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தோம். மூடியும் வால்வும் அதற்குள் மாற்றப்பட்டிருந்தன. வெடித்தது எது, ஏன் வெடித்தது என்பதைக் காட்டுவதற்கு அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை. அவரைப் போல இன்னொருவர் ஏமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பெரும்பகுதி 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் இதில் உண்டு. ஒரு பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரும் விற்றவரும் எப்போது பொறுப்பாவார்கள் என்பதை 82 முதல் 87 வரையிலான பிரிவுகள் சொல்கின்றன. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தால் மட்டுமல்ல, தீங்கைத் தவிர்க்க எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற போதுமான குறிப்போ, தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையோ இல்லாமல் பொருளை விற்பனைக்கு அனுப்பினாலும் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது 84-ஆம் பிரிவு. ஆகவே ‘நீங்கள் தவறாகப் பயன்படுத்தினீர்கள்’ என்று நிறுவனம் சொன்னால், ‘சரியாகப் பயன்படுத்தும் முறையை எங்கே, எந்த மொழியில், எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள்?’ என்று நாம் திருப்பிக் கேட்கலாம். இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டலப் பொருள்களின் மேல் அச்சிட வேண்டிய பெயர், முகவரி, எடை, விலை போன்ற விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ தந்தால் போதும் என்றுதான் 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகள் சொல்கின்றன. பிற மொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை, ஆனால் தமிழ் கட்டாயமுமில்லை. கொதிக்கும் நீரோடும் மின்சாரத்தோடும் புழங்கும் பொருளுக்குக்கூட தமிழில் இரண்டு வரி எழுத மனம் வராத நிறுவனங்கள் இருப்பதற்கு இந்தத் தளர்வும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆயினும் 84-ஆம் பிரிவில் ‘போதுமான’ என்ற சொல் இருக்கிறது. எறும்பளவு எழுத்தில், வாங்குபவருக்குத் தெரியாத மொழியில் தரப்பட்ட எச்சரிக்கை போதுமானதா என்று நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் வாதிட அந்தச் சொல் இடம் தருகிறது. அதற்குப் பொருளோடு வந்த அட்டைப்பெட்டியும் குறிப்பேடும் கையில் இருக்க வேண்டும். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குப் பொருந்தும், எங்கே தடுக்கி விழுவோம்

பில் உங்கள் பெயரில் இல்லை என்பதுதான் முதலில் வரும் மறுப்பு. கணவர் பெயரில் பில் இருக்கிறது, காயம் பட்டவர் மனைவி, ஆகவே அவர் எங்கள் வாடிக்கையாளரே இல்லை என்பார்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோரே. வாதத்தை வளர்க்காமல் இருக்க, பில்லில் பெயர் உள்ளவரையும் மனுதாரராகச் சேர்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது கண்ணி ஜிஎஸ்டி. வீட்டுக்கு வாங்கும் மிக்ஸியையோ கீசரையோ வரி வரவு (கட்டிய வரியை வணிக வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை) கிடைக்கும் என்று தங்கள் கடையின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். சில நூறு ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்ற விதியை எதிர்த்தரப்பு அந்த ஒரு பில்லைக் காட்டியே எழுப்பும். தன் பிழைப்புக்காகத் தானே வைத்து இயக்கும் தையல் இயந்திரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மாவு மில்லோ உணவகமோ ஆள் வைத்து நடத்துகிறவர்களுக்கு அது எளிதில் கிடைக்காது.

மூன்றாவது கண்ணியில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் ‘தீங்கு’ என்பது காயம், நோய், உயிரிழப்பு, அவற்றால் வரும் மனவேதனை, வேறு உடைமைக்கு ஏற்பட்ட சேதம் ஆகியவற்றைக் குறிக்கும். பழுதான பொருளுக்கே நேர்ந்த சேதம் அதில் சேராது. டிவி தானாக எரிந்து அணைந்துபோனால் அது பழுதான சரக்கு என்ற சாதாரணப் புகார். டிவி எரிந்து திரைச்சீலையும் பீரோவும் கருகினால் அது தீங்கு. இரண்டையும் ஒரே மனுவில் கேட்கலாம், ஆனால் தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டும். குழப்பி எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம்.

நான்காவது, நாமே செய்துவைக்கும் மாற்றங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவது, குக்கரின் சேஃப்டி வால்வு போனதும் தெருக்கோடிக் கடையில் கிடைத்ததை மாட்டுவது, கேஸ் குழாயை ஒட்டுப்போட்டு ஓட்டுவது ஆகிய எல்லாமே 87-ஆம் பிரிவில் போய் நம்மை மாட்டிவிடும். தீங்கு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகவோ மாற்றப்பட்டதாகவோ இருந்தால் விற்றவர் மேல் இந்த வழக்குப் போட முடியாது. எல்லோருக்கும் தெரிந்த வெளிப்படையான ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்று தயாரித்தவரையும் குறை சொல்ல முடியாது. சர்வீஸ் சென்டரிலிருந்து வருகிறவர் முதலில் படமெடுப்பது வெடித்த இடத்தையல்ல, உங்கள் பிளக்கைத்தான்.

பெயரில்லாப் பொருள்களை விற்கும் கடைக்காரர்கள், ‘நான் வாங்கி விற்கிறவன், கம்பெனியைக் கேளுங்கள்’ என்று கைவிரிப்பார்கள். தயாரித்தவர் யார் என்றே தெரியவில்லை என்றாலும், அவருக்கு நோட்டீஸ் கொண்டுசேர்க்க இயலவில்லை என்றாலும், தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கைக் குறிப்பைக் கடைக்காரர் உங்களிடம் சேர்க்கவில்லை என்றாலும், கடைக்காரரே பொறுப்பு என்கிறது 86-ஆம் பிரிவு. பெட்டியைப் பிரித்து, குறிப்பேட்டை எடுத்துவிட்டுப் பொருளை மட்டும் பையில் போட்டுத் தருகிற கடைகள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் பில் இல்லாமல் அந்தக் கடையில்தான் வாங்கினீர்கள் என்று காட்டுவது பெரும்பாடு. பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம் என்று சட்டம் சொல்வதைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால், பொருள் விற்பனைப் பக்கத்தை விபத்து நடந்த அன்றே படமெடுத்து வையுங்கள். புகார் போன பிறகு பல நேரம் அந்தப் பக்கமே மறைந்துவிடுகிறது.

ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து வாங்கினேன் என்று சொல்லும் பலர், முத்திரைக்கு மேலே உள்ள ஐஎஸ் எண்ணையும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணையும் பார்த்ததே இல்லை. பிரஷர் குக்கருக்கு ஐஎஸ் 2347, ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151. அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால் உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும். எண்ணே இல்லாத முத்திரையை நம்ப வேண்டாம்.

விபத்து நடந்த பின் முதல் சில நாட்கள்

வழக்கு இங்கேதான் நிற்கிறது, இங்கேதான் விழுகிறது. காயத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்று நாம் கேட்டு வாங்குவது அதைத்தான். போலீஸ் விசாரணை வரும் என்று பயந்து, ‘தெரியாமல் கை பட்டுவிட்டது’ என்று சொல்லிவிடுகிறவர்கள் அநேகம். தீக்காயத்தோடு வரும் பெண்களை வீட்டார் அப்படிச் சொல்ல வைப்பதும் உண்டு. ஒன்றரை வருடம் கழித்து ஆணையத்தில் ‘குக்கர் வெடித்தது’ என்று நீங்கள் சொல்லும்போது, நீங்களே சொன்ன அந்த முதல் வாக்கியம் உங்களுக்கு எதிரே நிற்கும். எந்தப் பொருள், எப்படித் தெறித்தது என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பாருங்கள்.

பொருளை யாரிடமும் கொடுக்காதீர்கள். ‘ஆய்வுக்கு அனுப்ப வேண்டும், புதியது மாற்றித் தருகிறோம்’ என்று இனிமையாகக் கேட்பார்கள். வீட்டிலேயே வந்து பார்க்கச் சொல்லுங்கள், பார்க்கும்போது படமெடுங்கள். ஆணையம் தேவைப்பட்டால் பொருளைப் பெற்று, முத்திரையிட்டு, உரிய ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை நீங்கள் செலுத்த வேண்டியிருக்கும். ஆய்வகம் 45 நாட்களில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். கம்பெனியின் சொந்த ஆய்வுக்குப் போன பொருள் திரும்பி வரும்போது அது பழைய பொருளாக இருக்காது. ஜாப் ஷீட் என்ற சர்வீஸ் விவரத் தாளில் கையெழுத்து கேட்டால், ‘உள்ளடக்கத்தை ஏற்கவில்லை, பொருளைப் பெற்றுக்கொண்டேன்’ என்று தமிழிலேயே எழுதி அதன் கீழே கையெழுத்திடுங்கள். மறுத்தால் மறுத்ததையும் அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

‘பொறுப்பல்ல’ என்ற பலகைகள்

நீச்சல் குளம், கேளிக்கைப் பூங்கா, விடுதி, வாகன நிறுத்துமிடம் என வருவோரை வரவேற்கும் எல்லா இடங்களிலும் இரண்டு வகைப் பலகைகள் இருக்கின்றன. ‘ஆழம் 6 அடி’, ‘இதய நோயுள்ளவர்கள் ஏற வேண்டாம்’ என்பவை எச்சரிக்கை. ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்பது கைகழுவல். முதல் வகையை மீறினால், உயரம் போதாத குழந்தையைக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அனுப்பினால், உங்கள் வழக்கு பெரிதும் பலவீனமாகும். இரண்டாவது வகையைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியில் பணியாளரிடம் நிறுத்தக் கொடுத்த கார் 1998-இல் திருடுபோன வழக்கில், ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டி விடுதி தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. சாவியைக் கொடுக்காமல் நீங்களே நிறுத்திய வண்டிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

இங்கேயுள்ள தகுதிக் கண்ணி நுழைவுச் சீட்டு. இலவசச் சேவைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது; கட்டணம் செலுத்தியவரும், அவர் செலவில் அவர் சம்மதத்தோடு வந்தவரும் நுகர்வோர். ஆகவே சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். காயம் பட்ட அன்றே அந்த இடத்தைப் படமெடுங்கள், ஏனென்றால் மறுநாள் போனால் அங்கே புதிதாக ஓர் எச்சரிக்கைப் பலகை முளைத்திருக்கும். கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்கக் கூடாது என்றும் அன்றே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

எங்கே போவது, எங்கே நேரம் வீணாகும்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், பதியுங்கள். ஆனால் அவர்கள் உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் பெற்றுத் தருவார்கள்; இழப்பீடு தர ஆணையிட முடியாது. ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிட்டதால் உங்கள் வழக்கு முடிந்துவிடவில்லை. முக்கியமானது, அங்கே புகார் பதிந்ததாலேயே வழக்குத் தொடுக்கும் காலக்கெடு நின்றுவிடாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். சர்வீஸ் சென்டர், தலைமை அலுவலகம், உதவி எண் என்று சுற்றியே அந்த 2 ஆண்டைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் மன்னிக்கலாம் என்று சட்டத்தில் உள்ளதுதான், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். காவல் நிலையத்தில் ‘இது சிவில் விவகாரம்’ என்பார்கள். கடையில் ‘கம்பெனி ஊரில் போய் வழக்குப் போடுங்கள்’ என்பார்கள். கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம்.

கட்டண விஷயத்தில் இடைத்தரகர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீட்டுத் தொகை தீர்மானிப்பதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்தவற்றுக்கு மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 2,000 ரூபாய் குக்கரால் நேர்ந்த காயத்துக்கு 10 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான், கட்டணமின்றித்தான். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ‘இ-ஜாக்ரிதி’ இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதியலாம்.

மனுவில் எத்தனை பக்கம் வேதனையை எழுதினாலும், குறிப்பேட்டில் எந்த எச்சரிக்கை இல்லை என்பதை ஒரு பத்தியில் தனியாக எழுதத் தவறாதீர்கள். பிறகு நாட்களை எண்ணுங்கள். நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாட்களில் பதில் தர வேண்டும். ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள் கொடுக்கலாம். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் கூறியிருக்கிறது. அவர்கள் 46-ஆம் நாளில் பதிலோடு வந்து நின்றால், அதை ஏற்கக் கூடாது என்று அன்றே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.