மடிப்பில் சோலை, மேட்டில் புல்: ஊட்டியின் பனிக்கணக்கு

ஊட்டிக்குப் போய்வந்த தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அவலாஞ்சி பக்கம் மலைமடிப்புகளில் மட்டும் அடர்ந்த காடு, சுற்றிலும் வெறும் புல். மேட்டில் இருந்த மரங்களை வெள்ளைக்காரர்கள் வெட்டிவிட்டார்களா?”

பல இடங்களில் வெட்டினார்கள்தான். ஆனால் இந்தப் புல்வெளி அவர்களால் வந்ததல்ல. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மேலே ஏறியபோதே தோடர்கள் அந்தப் புல்லில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். புல்லின் வயது அதைவிடவும் பெரிது. நீலகிரிச் சதுப்புகளில் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த தாவரக் கழிவைத் தோண்டி, அதிலுள்ள கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பனின் விகிதத்தை அளந்தது சூழலியலாளர் ஆர். சுகுமாரின் குழு. வெப்பமண்டலப் புற்கள் பலவும் மரங்களும் இந்தக் கார்பனை வெவ்வேறு அளவில் எடுத்துக்கொள்கின்றன. அதனால் எந்த அடுக்கில் எது மிகுந்திருந்தது என்று சொல்லிவிடலாம். 1993இல் வெளியான அந்த ஆய்வின்படி, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது.

அப்படியானால் மேட்டில் மரம் ஏறாமல் தடுப்பது எது? மண்ணின் ஆழம், காற்று, தீ, மேய்ச்சல் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் மிக அழகான காரணம் உறைபனி.

மார்கழி விடியலில் காசிமேட்டுத் தெருவைப் பாருங்கள். வெட்டவெளியில் நிறுத்திய பைக்கின் சீட் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். நாலடி தள்ளி, தகர ஷெட்டுக்குள் நிற்கும் பைக் காய்ந்திருக்கும். பனி மேலிருந்து ‘பெய்வதில்லை’. எல்லாப் பொருளும் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளிவிட்டபடியே இருக்கிறது. திறந்த சீட் அதை வானத்துக்கு இழக்கிறது. தெளிந்த வானத்திலிருந்து திரும்பி வருவது குறைவு. சீட் காற்றைவிடக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. ஷெட்டுக்குள் இருக்கும் சீட்டுக்கோ தகரம் வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது.

இதையே 2,200 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே காற்று மெலிது. வடகிழக்குப் பருவமழை முடிந்த இரவுகளில் ஈரமும் குறைவு. புல்நுனி சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்கு மேலே இருப்பதால், அது 3 டிகிரி காட்டும் இரவில்கூடப் புல் வெள்ளைவெளேரென்று உறைந்திருக்கும். ஊட்டிக்காரர்கள் நீர்ப்பனி வேறு, உறைபனி வேறு என்று பிரித்துச் சொல்வது மிகச் சரியான அறிவியல்.

இப்போது அந்தப் புல்லுக்கு நடுவே ஒரு சோலைமரக் கன்று, அதாவது மடிப்புக் காட்டு மரத்தின் கன்று, முளைத்திருக்கிறது, விரல் நீளம். முதலில் இலைச் செல்களுக்கு வெளியே உள்ள நீர் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்கி, அதன் சவ்வு கிழிகிறது. தப்பிப் பிழைத்த இலைக்கும் காலையில் அடுத்த அடி விழுகிறது. சுள்ளென்று வெயில் ஏறும்போது குளிர்ந்த இலையால் அத்தனை ஒளியைப் பயன்படுத்த முடியாது. மிஞ்சிய ஒளி பச்சையத்தின் இயந்திரத்தையே கெடுக்கிறது. மதியத்துக்குள் இலை கருகிவிடும். புல்லுக்கும் நுனி கருகத்தான் செய்கிறது. ஆனால் அதன் வளர்முனை தரையோரத்தில், தூருக்குள் பத்திரமாக இருப்பதால் மழை கண்டதும் மறுபடி துளிர்க்கிறது.

சோலைக்குள் முளைத்த கன்றுக்கோ தலைக்கு மேல் வானமே தெரிவதில்லை. மூடிய இலைக்கூரைதான் அதற்குத் தகர ஷெட். ஆகவே சோலை தன் கன்றுகளைக் காக்கிறது; புல்வெளி மரக்கன்றுகளைக் கொல்கிறது. அதனால்தான் இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை.

இந்த ஏற்பாட்டை உடைப்பது ஆங்கிலத்தில் ‘வாட்டில்’ எனப்படும் சீகை மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகக் கொண்டுவந்தது. உள்ளூர்ச் சோலைக் கன்று சாகும் குளிரில் சீகைக் கன்று பிழைக்கிறது, விறுவிறுவென உயர்கிறது. வெட்டினாலும் தீராது; மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும் விதைகள் இடம் திறந்ததும் கும்பலாக முளைக்கும். வெட்டிய இடத்தில் வருடாவருடம் கன்று பிடுங்கினால்தான் புல் திரும்பும். மரம் நட்டால் எங்கும் புண்ணியம் என்ற நம்பிக்கையோடு இந்தப் புல்வெளியில் கன்று நடுவது மலைக்குச் செய்யும் கேடு. உறைபனியின் போக்கு மாறுகிறதா என்று அறிய, இங்கே தரையோர வெப்பத்தைத் தொடர்ந்து இருபது, முப்பது ஆண்டுகள் அளக்க வேண்டும். நம் ஆய்வு நிதியோ பெரும்பாலும் சில ஆண்டுத் திட்டங்களுக்கே கிடைக்கிறது. இது மாற வேண்டும்.

நேரில் பார்க்க ஏற்றது டிசம்பர் கடைசியும் ஜனவரியும். சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயிலில் 46 கிலோமீட்டர். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாள நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்றி ஏறும் ரயில் அது. சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். 2024 மே மாதம் வந்த நடைமுறை.

புல் காற்றைவிடக் குளிர்வதை நீங்களே அளந்து பார்க்க இரண்டு சாதாரண வெப்பமானி போதும். காற்றில்லாத, மேகமில்லாத இரவு முடிந்ததும், ஆறரை மணிக்குள் கூடலூர் சாலையில் தலைக்குந்தா போன்ற திறந்த இடத்துக்குப் போங்கள். ஒன்றைக் குச்சியில் மார்பு உயரத்தில் கட்டுங்கள். மற்றதைப் புல்நுனி மட்டத்தில் படுக்க வையுங்கள். பத்து நிமிடம் கழித்துப் படியுங்கள். தார்ச்சாலை ஓரத்தில் வைத்தால் தார் தேக்கிய வெப்பம் கணக்கைக் கெடுக்கும். மரத்தடியில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. சதுப்பில் மட்டும் கால் வைக்காதீர்கள். அமுங்கிய தடம் எளிதில் ஆறாது. வெயில் ஏறிய சற்று நேரத்தில் வெள்ளை கரைந்துவிடும். மர நிழல் நீண்டு விழுந்த இடத்தில் மட்டும் அந்த நிழலின் வடிவத்திலேயே இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கும்.