கடைக்கால் இருக்க அடித்தளம் எதற்கு?

வீட்டுக்கடன் ஒப்பந்தம் ஒன்றை உறவினர் ஒருவர் என்னிடம் படிக்கக் கொடுத்தார். "அடித்தளம் முடிந்ததும் முதல் தவணை" என்றிருந்தது. எது முடிந்ததும்? மண்ணுக்குள் கருங்கல் கட்டு முடிந்ததுமா, அதன்மேல் பேஸ்மட்டம் எழுப்பி மண் கொட்டி நிரப்பியதுமா? இரண்டுக்கும் நடுவே பல நாள் வேலையும் பெருந்தொகையும் இருக்கின்றன. கொத்தனாரைக் கேட்டால் "அப்படின்னா என்னங்க?" என்றார்.

கட்டடத்தின் பாரத்தை மண்ணில் இறக்குவது கடைக்கால், ஆங்கிலத்தில் ஃபவுண்டேஷன். கடை என்றால் கீழ், முடிவு. கால் என்றால் தாங்குவது. பந்தக்கால், கட்டில்கால் போல. பேச்சில் கடக்கால். அதற்காகத் தோண்டும் பள்ளத்துக்கு வானம் என்று பெயர். "கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் வானம் தோண்டணும்" என்பார்கள். கரிசலில் இன்னும் ஆழம் போக வேண்டும், அந்த மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். அஸ்திவாரம் வடமொழி வழி வந்தது. தெலுங்கில் அஸ்திபாரம், ஈழத்தில் அத்திவாரம். அதோடு எனக்குச் சண்டை இல்லை. சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது.

சண்டை அடித்தளத்தோடுதான். தளம் என்பது பரப்பு, கால் வைத்து நடக்கும் இடம். தளம் போட்டாச்சா என்று கேட்டால் தரையையோ மாடிக் கான்கிரீட்டையோதான் நினைப்போம். முதல் தளம், இரண்டாம் தளம் என்று எண்ணுகிறோம். அந்தக் கணக்கில் அடித்தளம் கீழே கார் நிறுத்தும் மாடி. சில லிஃப்டுகளில் அப்படித்தான் எழுதியும் இருக்கிறது. அடித்தள மக்கள் என்பது சரி, அங்கே படிநிலையைச் சொல்கிறோம். ஆனால் பாரம் தாங்குவதைத் தளம் என்றால் தாங்குகிற பொருளே போய்விடுகிறது.

பேஸ்மட்டம் பாதி ஆங்கிலம்தான். ஆனால் தரைக்கு மேலே, சுவர் தொடங்கும் வரை உள்ள கட்டு என்று அது துல்லியமாகச் சொல்கிறது. தூய தமிழ் என்று சொல்லிக்கொண்டு குழப்பத்தைக் கொண்டுவருவதைவிட அது எவ்வளவோ மேல்.

உருவகத்துக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. தொழிலில் காலூன்றினார் என்கிறோம். தொடக்கத்துக்குக் கால்கோள் என்கிறோம். கண்ணகிக்குக் கல் எடுக்கப் போகும் சிலப்பதிகாரப் பகுதிக்குப் பெயரே கால்கோட் காதை. அடிக்கல் நாட்டுகிறோம். தருமத்துக்கு அறக்கட்டளை வைக்கிறோம். இத்தனை இருந்தும் ஃபவுண்டேஷன் என்று ஆங்கிலத்தில் வந்தாலே மொழிபெயர்ப்பாளர்கள் படிப்புக்கும் அடித்தளம், முகப்பூச்சுக்கும் அடித்தளம், அறக்கட்டளைக்கும் அடித்தளம் என்று ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். அகராதியை மூடிவிட்டு வீடு கட்டும் இடத்தில் அரைநாள் நின்று பார்க்கலாம்.

கடன் கொடுத்த இடத்தில் விசாரித்தோம். அவர்கள் சொன்னது பேஸ்மட்டத்தை. உறவினரோ கடைக்கால் முடிகிற அன்றே பணம் வந்துவிடும் என்று நம்பி, செங்கல் லோடுக்கு நாள் குறித்திருந்தார்.