காலை 5.30-க்குச் செத்துப்போகும் லிங்க்

இந்த மாதம் இது மூன்றாவது. காலை ஆறு மணி, பால் பாக்கெட்டைக்கூட வெட்டவில்லை. செவ்வாப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் கூப்பிடுகிறார்: "தம்பி, வெளியூர் வியாபாரிங்க யாருக்கும் டிசைன் படம் திறக்க மாட்டேங்குது." படங்கள் அஜூர் ஃபைல் ஷேரில் (மைக்ரோசாஃப்ட் கிளவுடில் கோப்பு வைக்கும் இடம்) இருக்கின்றன. அதன் ஆக்சஸ் பாலிசி, அதாவது லிங்க் எதுவரை திறக்கும் என்று சொல்லும் விதி, காலாவதி. அதை எழுதிய புரோகிராம் கோடில் காலாவதி நேரம் 00:00 என்று இருந்தது. அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், நமக்குக் காலை 5.30.

கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதிவைக்கும் டெர்ராஃபார்ம் கருவியில் இதை அமைத்துக்கொடுத்த பையனைக் கேட்டால், "டெர்ராஃபார்ம்ல டைம் ரொட்டேட்டிங் போட்டிருக்கேன் அண்ணா, 30 நாளைக்கு ஒருதடவை அதுவே புதுப்பிச்சுக்கும்."

புதுப்பிக்காது! டெர்ராஃபார்ம் ராத்திரி முழுக்க விசில் ஊதிக்கொண்டு சுற்றும் கூர்க்கா இல்லை. யாராவது பிளான் (என்ன மாறும் என்று காட்டும் கட்டளை) ஓட்டினால்தான் 30 நாள் முடிந்ததா என்றே பார்க்கும், அப்ளை ஓட்டினால்தான் மாற்றும். ஓட்ட ஆளில்லை என்றால் 300 நாளானாலும் கோடு பாட்டுக்குக் கோடாகவே கிடக்கும். அந்தக் கோடு இருக்கும் ரெப்போவில் கடைசி அப்ளை ஆடிப்பெருக்குக்கு முன்னால் ஓடியது. தேதியை எழுதிவைப்பது வேறு, அந்தத் தேதியில் வேலை நடப்பது வேறு. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

"அப்போ டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷன் போட்டுடவா?" வேண்டாம். அது அந்த நொடி நேரத்தைத் தருவதால் ஒவ்வொரு பிளானிலும் மாற்றம் காட்டும். நாலு நாளில் பிளானைப் படிப்பதையே விட்டுவிடுவீர்கள்.

இதில் கொடுமை, பதற்றத்தில் அவன் அக்கவுன்ட் கீயையே (லிங்க்குகளில் கையெழுத்திடும் ரகசியச் சாவி) மாற்றிவிட்டான். காலாவதி பாலிசியில் இருந்ததால், தேதியைத் தள்ளி அப்ளை கொடுத்திருந்தால் பழைய லிங்க்கே அரை நிமிடத்தில் உயிர்பெற்றிருக்கும். இப்போது அந்தக் கீயில் கையெழுத்தான எல்லா லிங்க்கும் போச்சு, ஏற்காட்டுக் கிளைக்குக் கொடுத்ததும் சேர்த்து.

பைப்லைனில் (கட்டளைகளைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) பிளானும் அப்ளையும் தினமும் ஓடுகிற மாதிரி ஷெட்யூல் வையுங்கள். ரொட்டேஷன் 30 நாள் என்றால் காலாவதி 45 நாள் இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே தேதி வைத்தால் லிங்க் செத்த பிறகுதான் புதுப்பிப்பு வரும். ஒரு ஷேருக்கு 5 பாலிசிதான் வைக்கலாம், ஆளுக்கொன்று என்று கிளம்பாதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து டெர்ராஃபார்மின் ஸ்டேட் ஃபைலை (உருவாக்கியதை எல்லாம் அது குறித்துவைக்கும் கோப்பு) வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதில் அக்கவுன்ட் கீ அப்படியே படிக்கிற மாதிரி இருக்கும். "செக் பண்ணுங்க அண்ணா" என்று நேற்றுகூட எனக்கு ஒன்று வந்தது, குரூப்பில்.