ரெயின்போவின் ஆரஞ்சு எங்கே போனது?

மனித குளோனிங் பற்றிய ஒரு நாவலைப் படித்துவிட்டு வாசகி ஒருவர் எழுதியிருந்தார். விபத்தில் இறந்த மகளை, அவளுடைய செல்லிலிருந்தே தந்தை திரும்ப உருவாக்குகிறார். வந்தவளுக்கு அதே முகம், அதே நினைவுகள். "முடித்தபோது அழுதுவிட்டேன். இது நடக்குமா?" என்று கேட்டிருந்தார்.

நினைவு வராது. அது மூளையின் நரம்பு இணைப்புகளில் இருப்பது, டிஎன்ஏவில் இல்லை. சரி, உடலாவது அச்சு அசலாக இருக்குமா? அதற்கு ஒரு பூனையிடம் பதில் இருக்கிறது.

செய்முறை, குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டுக்குச் செய்ததுதான்: கருமுட்டையின் உட்கருவை எடுத்துவிட்டு உடல் செல்லின் உட்கருவை வைத்து, வாடகைத் தாயின் கருப்பையில் வளர்ப்பது. 2001 டிசம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 'சிசி' என்ற பூனைக்குட்டி இப்படிப் பிறந்தது. 87 கருக்களில் உயிரோடு பிறந்தது அது ஒன்றுதான். மூலப்பூனை ரெயின்போ வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் கலந்தது. சிசியிடம் ஆரஞ்சே இல்லை!

எனக்கு அலுக்காத இடம் இது. ஆரஞ்சு நிற மரபணு, மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்றான எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பாலூட்டியின் உடல் செல்களில் எக்ஸ் இரண்டு. இரண்டும் முழுவீச்சில் வேலை செய்தால் அவை உருவாக்கும் புரதங்களின் அளவு மீறிவிடும். அதனால் கரு சிறு செல் கூட்டமாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஏதோ ஒரு எக்ஸைச் சுருட்டிப் பூட்டிவிடுகிறது. எதை என்பதற்குக் கணக்கே இல்லை, பூவா தலையா போட்டதுபோலத்தான். ஆனால் ஒருமுறை பூட்டியதை அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அப்படியே காக்கின்றன. ரெயின்போவின் ஒரு எக்ஸில் ஆரஞ்சு, மற்றதில் கறுப்பு. அதன் முதுகில் நாம் பார்க்கும் ஒவ்வொரு ஆரஞ்சு, கறுப்புத் திட்டும், கருவாக இருந்தபோது ஏதோ சில செல்கள் எடுத்த முடிவு. அந்த ரோமத்தின் மேல் கை வைத்தால் ஒரு கருவின் வரலாற்றையே தடவுகிறோம்.

சிசிக்கு எடுத்த செல்லில் ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே பூட்டிக் கிடந்தது. முட்டைக்குள் போன பிறகும் அந்தப் பூட்டு திறக்கவில்லை என்றே தெரிகிறது.

இந்த ரகசியத்தை 1961இல் சொன்னவர் பிரிட்டிஷ் மரபியலாளர் மேரி லயன். எலிகளின் ரோமத் திட்டுகளைக் கூர்ந்து பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். எலி ரோமத்தைப் பார்க்க நிதி கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று கேட்கும் குழுக்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அப்படிப்பட்ட ஆய்வுக்குத்தான் முதலில் பணம் கொடுக்க வேண்டும்.

அப்புறம், கடிதம் எழுதிய வாசகிக்கு. உங்கள் தோலும் இப்படி அம்மாவின் எக்ஸும் அப்பாவின் எக்ஸும் திட்டுத் திட்டாகப் பங்குபோட்டுக்கொண்ட துணிதான், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. அந்த மகளின் செல்லில் பூட்டு திறந்து, மறுபடி பூவா தலையா போட்டால் திட்டுகள் வேறு இடங்களில் விழும். திறக்காவிட்டால் உடல் முழுக்க ஒரே எக்ஸ்தான் பேசும். இரண்டில் எது நடந்தாலும் பிறப்பவள் அவளுடைய தங்கை.